பறவைக் கூட்டை உள்ளே எடுத்ததிலிருந்து பிரச்சினை, தெரிந்தவர்கள் கெதியாகச் சொல்லவும்

மட்டிக்களித் தம்பி (வியாழன், இரவு 9.14)
வணக்கம். திருகோணமலையில் மழை விடுகிறதாக இல்லை. வழமையாகக் கூட்டை முற்றத்துக் குழாயடியில் வைத்துக் கழுவி வெயிலில் காயவிடுவேன். ஒன்பது நாளாக வெயிலையே காணவில்லை. விறாந்தையில் தூவானம் அடிக்கிறது என்று கூட்டை உள்ளே எடுத்தேன். உள்ளே வைத்து எப்படிக் கழுவுவது என்று பிடிபடவில்லை, நாற்றமும் தாங்கவில்லை. நேற்று முன்தினம் ஒரு மாதிரிக் கழுவி முடித்தேன். அதிலிருந்து இரண்டு பேர் சரியில்லை. தும்முகிறார்கள். ஒருவர் உடம்பை உப்பிக்கொண்டு மூலையில் இருந்து வாலை ஆட்டுகிறார். கூதல் பிடித்துவிட்டதா? என்ன மருந்து கொடுக்கலாம்? காலையில் வேலைக்குப் போக வேண்டும்.

உவர்மலைக் காற்று (9.20)
என்ன பறவை?

கிண்ணியாக் கரை (9.22)
என்ன பறவை, எத்தனை? கம்பிக் கூடா, மரச் சட்டமா? 'ஒரு மாதிரி' கழுவினேன் என்றால் எதைப் போட்டுக் கழுவினீர்கள்?

கோழிக்கூட்டுக்காரன் (9.31)
எந்தப் பறவையாக இருந்தால் என்ன, இது வாடைக்காற்றின் வேலை. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் வந்தபோது வடக்கிலும் கிழக்கிலும் எத்தனை மாடுகள் குளிரில் விறைத்துச் செத்தன என்று மறந்துவிட்டீர்களா? மாட்டுக்கே அந்தக் கதி என்றால் கைப்பிடியளவு குருவிக்கு என்ன நடக்கும்? யன்னல்களைப் பூட்டுங்கள். கூட்டைச் சாக்கால் சுற்றுங்கள். 40 வாட் குமிழ் ஒன்றைப் பக்கத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். என் குஞ்சுகளுக்கு நான் செய்வது இதுதான்.

உவர்மலைக் காற்று (9.38)
அண்ணா, அந்த மாடுகள் வெட்டவெளியில் இரவு முழுக்க மழையில் நனைந்து நின்றவை. தம்பியின் பறவை கூரைக்குக் கீழே இருக்கிறது. இங்கே மார்கழி இரவிலும் 22, 23 பாகை இருக்கும். நம் உடம்புக்குத்தான் அது கூதல். என் சந்தேகம் பூஞ்சணத்தில். தட்டுக்கு மரத்தூள் போட்டிருக்கிறீர்களா? தினை மூட்டையை எங்கே வைத்திருக்கிறீர்கள்? ஈரக்காற்றில் தினை ஒரு கிழமையில் கட்டிபட்டுவிடும். அதன் பூஞ்சண வித்துகள் பறவையின் காற்றுப் பைக்குள் போய்க் குடியேறினால் எடுப்பது பெரும்பாடு. கையை மூட்டைக்குள் விட்டு மோந்து பாருங்கள். பழைய நிலவறை மணம் வந்தால் அப்படியே கொட்டிவிடுங்கள்.

முப்பது வருடக் கூடு (9.52)
இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு மார்கழியிலும் பதில் எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. முதலில் தேடிப் பார்க்கிற பழக்கம் ஒருவருக்கும் இல்லை. சரி, இன்னொரு முறை. வாலை ஆட்டுவது என்றால் எப்படி? சந்தோஷத்தில் பக்கவாட்டில் ஆட்டுவது வேறு. ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் போய் வருவது வேறு. இரண்டாவது என்றால் மூச்சு முட்டுகிறது என்று பொருள். அதைக்கூடச் சொல்லத் தெரியாமல் மருந்து கேட்பவருக்கு நான் என்ன சொல்ல? அலகுக்கு மேலே உள்ள சதையின் நிறம், எச்சத்தின் நிறம், தொண்டையில் சத்தம் இருக்கிறதா, இல்லையா, எல்லாவற்றையும் எழுதிவிட்டு வாருங்கள்.

மட்டிக்களித் தம்பி (10.05)
மன்னிக்கவும். லவ் பேர்ட்ஸ், ஆறு. கம்பிக் கூடு, அடியில் தகரத் தட்டு. தட்டில் பேப்பர்தான், மரத்தூள் இல்லை. வால் மேலும் கீழும்தான் போகிறது. டெட்ராசைக்ளின் குளிசை ஒன்று வீட்டில் இருக்கிறது, தண்ணீரில் கரைத்து வைக்கட்டுமா?

கிண்ணியாக் கரை (10.07)
வேண்டாம். எந்த நோய் என்று தெரியாமல் மனிதக் குளிசையைக் கரைத்து வைக்காதீர்கள். 30, 40 கிராம் பறவைக்கு அளவை யார் கணக்குப் பார்ப்பது? எதைப் போட்டுக் கழுவினீர்கள் என்று இன்னும் சொல்லவில்லை.

முப்பது வருடக் கூடு (10.11)
லவ் பேர்ட்ஸ் என்கிறீர்கள். படம் போடுங்கள். நம் ஊரில் கடையில் விற்பதில் பெரும்பாலானவை லவ் பேர்ட்ஸே இல்லை, பட்ஜிகள். லவ் பேர்ட் ஆப்பிரிக்காவின் பறவை. கட்டை வால், பருத்த தலை. பட்ஜி அவுஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதியைச் சேர்ந்தது. நீண்ட வால், முதுகில் அலை அலையாய்க் கோடு. 1840இல் ஜோன் கூல்ட் இங்கிலாந்துக்கு உயிரோடு கொண்டுபோனது இதைத்தான். நம் ஆட்கள் மட்டும் இரண்டையும் ஒரே சாக்கில் கட்டுகிறார்கள்.

திருக்கடலூர் மச்சான் (10.16)
ஐயா, கடையில் போய் பட்ஜி என்று கேட்டால் கடைக்காரர் விழிப்பார். லவ் பேர்ட்ஸ் என்று கேட்டால் எடுத்துத் தருவார். ஊர் எப்படி அழைக்கிறதோ அதுதான் பெயர்.

முப்பது வருடக் கூடு (10.19)
ஊர் சுறாவையும் திருக்கையையும் ஒரே பெயரில் அழைத்தால் விட்டுவிடுவீர்களா?

திருக்கடலூர் மச்சான் (10.21)
அதில் கைவைத்தால் எங்கள் ஆட்கள் அடிப்பார்கள். ஆனால் குருவியில் ஒருவரும் அடிக்க வரமாட்டார்கள். எங்கள் அம்மம்மா ஒரு பச்சைக்கிளி வளர்த்தா. பதினான்கு வருடம் குசினிக் கப்பில் தொங்கியது, கூட்டை ஒருநாளும் விசேஷமாகக் கழுவியதில்லை, தும்மியதும் இல்லை. விடிய எழும்பி 'முருகா' என்று கூப்பிடும். இப்போது போல் ஆயிரம் விதி இல்லை.

உவர்மலைக் காற்று (10.26)
அம்மம்மாவின் காலம் முடிந்தது மச்சான். பச்சைக்கிளி இலங்கையின் காட்டுப் பறவை, 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருவது. பொந்திலிருந்து குஞ்சு எடுத்து வளர்ப்பது குற்றம். பட்ஜி வெளிநாட்டுப் பறவை, கூட்டிலேயே பெருகுவது, அதனால் அது வேறு கதை.

திருக்கடலூர் மச்சான் (10.29)
அப்படியானால் கிளி சோதிடம் பார்க்கிறவர்களை முதலில் பிடியுங்கள். எங்கள் அம்மம்மாவில் என்ன குற்றம்?

முப்பது வருடக் கூடு (10.33)
சட்டத்தை விடுங்கள். குசினிப் புகையில் பதினான்கு வருடம் இருந்தது என்றால் அந்தக் கிளியின் அதிர்ஷ்டம். உதாரணமாக எடுத்துவராதீர்கள்.

கோழிக்கூட்டுக்காரன் (10.40)
எல்லோரும் சட்டம் படிக்கிறீர்கள். தம்பி, குமிழைக் கட்டினீரா?

பாலையூற்று ரீச்சர் (10.58)
நடுவில் வருவதற்குப் பொறுக்க வேண்டும். தம்பி, நான் மூன்றே மூன்று கேட்கிறேன். கூடு இப்போது எந்த அறையில் இருக்கிறது? அந்த அறையில் இரவில் என்ன கொளுத்துகிறீர்கள்? கழுவும்போது பறவைகளை எங்கே விட்டீர்கள்?

மட்டிக்களித் தம்பி (வெள்ளி, காலை 6.10)
நடு அறையில், கட்டிலுக்குப் பக்கத்தில். வாடை அடிப்பதால் யன்னல்கள் பூட்டு. டெங்கு என்று பயந்து நுளம்புச்சுருள் இரண்டு வைக்கிறோம், பின்னேரம் அம்மா ஈரவாடைக்குச் சாம்பிராணி போடுகிறா. கழுவியது குளியலறையில். கிணற்றுக்குப் போட வாங்கிய குளோரின் தூள் மிச்சம் இருந்தது, அதைக் கரைத்துத் தட்டில் ஊற்றினேன். நாற்றம் போகவில்லை என்று மேலே வினாகிரியும் விட்டேன். எனக்கே கண் எரிந்து இருமல் வந்தது. பறவைகள் கூட்டுக்குள்ளேதான் இருந்தன, வேறு கூடு ஏது? இதை முன்பே ஒருவரும் கேட்கவில்லையே.

கிண்ணியாக் கரை (6.15)
யா அல்லாஹ். நான் இரண்டு முறை கேட்டேன் தம்பி.

பாலையூற்று ரீச்சர் (6.41)
சரி, பயப்படாமல் கேளுங்கள். குளோரின் தூளையும் வினாகிரியையும் சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும். உங்களுக்குக் கண் எரிந்தது அதனால்தான். ஊறிக்கிடந்த எச்சத்திலிருந்து வரும் அமோனியாவோடு குளோரின் சேர்ந்தாலும் வேறொரு நச்சு வாயு வரும். ஆக, தட்டில் இரண்டு வழியாலும் நஞ்சு காய்ச்சியிருக்கிறீர்கள். பறவையின் நுரையீரலுக்குப் பின்னால் காற்றுப் பைகள் இருக்கின்றன. அதனால் உள்ளே இழுக்கும் காற்றிலிருந்து நம்மைவிட நன்றாகப் பிராணவாயுவை எடுக்கும், நச்சையும் அப்படியே எடுக்கும். நமக்கு இருமலாகும் அளவு அதற்கு மூச்சை நிறுத்தப் போதும். அதற்கு மேல் பூட்டிய அறையில் இரவு முழுக்க இரண்டு சுருள், சாம்பிராணி. கூதலைக் குற்றம் சொல்ல இடமே இல்லை.

இன்றைக்கே கூட்டை வேறு அறைக்கு மாற்றுங்கள். யன்னலில் ஒரு பக்கத்தைச் சிறிது திறந்துவையுங்கள், ஆனால் காற்று நேரே கூட்டில் படக் கூடாது. சுருளும் சாம்பிராணியும் அந்த அறைப் பக்கமே வேண்டாம். நுளம்புக்கு வலை கட்டுங்கள். ஒட்டாத பூச்சுள்ள தாச்சியை அடுப்பில் வெறுமனே சூடேற விடாதீர்கள், அதன் ஆவியும் பறவைக்கு யமன். வால் மூச்சோடு ஆடுகிற பறவையைத் தனியாக எடுத்து இன்றே மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். நாளை என்று தள்ள வேண்டாம்.

இனிமேல் உள்ளே கழுவுவதைப் பற்றி. வெயில் இல்லாத காலத்தில் முழுக் கூட்டையும் நனைக்காமல் இருப்பதுதான் முதல் வேலை. தட்டில் ஏழு தாள் பேப்பரை ஒன்றன் மேல் ஒன்றாக விரியுங்கள். காலையில் மேல் தாளை மட்டும் மடித்து எடுத்தால் கீழே புதியது இருக்கும். ஒரு கிழமைக்குத் தகரத்தில் ஈரமே படாது. எச்சத்தைக் காய்ந்தபடி சுரண்டாதீர்கள், தூசி பறக்கும். கிளிக்காய்ச்சல் மனிதருக்கு வருவது அந்தத் தூசியால்தான். முதலில் வெந்நீரில் நனைத்த துணியைப் பத்து நிமிடம் போட்டு ஊறவிட்டுத் துடையுங்கள், முகக்கவசம் கட்டுங்கள், அம்மாவையும் அதில் விடாதீர்கள். கம்பிக்கு வெந்நீரும் கொஞ்சம் பாத்திரச் சவர்க்காரமும் போதும். பிறகு வெறும் தண்ணீர்த் துணியால் இரண்டு முறை. பறவைகளை அந்த நேரத்தில் ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியில் விட்டு வேறு அறையில் வையுங்கள். கூடு ஒன்றுதான் இருக்கிறது என்பது காரணமில்லை, பெட்டி எல்லாக் கடையிலும் கிடைக்கும்.

குளோரின் வேண்டும் என்றே நினைத்தால் அழுக்கு முழுவதும் போன பிறகு, பறவை இல்லாத இடத்தில், மிகவும் நீர்க்கக் கரைத்து, தனியாக, வேறு எதையும் சேர்க்காமல். அழுக்கின் மேல் ஊற்றினால் குளோரின் அழுக்கோடு மல்லுக்கட்டிக் களைத்துவிடும், கிருமிக்கு ஒன்றும் மிஞ்சாது.

முப்பது வருடக் கூடு (7.20)
ரீச்சர் சொன்னதில் பிழை இல்லை. காயவிடுவதை மட்டும் விட்டுவிட்டா. மரக் கொப்பை ஒருநாளும் ஈரத்தோடு திருப்பி வைக்காதீர்கள். நான் இரண்டு சோடி கொய்யாக் கொப்பு வைத்திருக்கிறேன். ஒன்று கூட்டில், மற்றது அடுப்படிச் சூட்டில் மூன்று நாள் உலரும். தலைமயிர் காயவிடும் சூட்டுக்காற்று இயந்திரத்தை யாராவது சொல்வார்கள், வேண்டாம். சிலவற்றின் உள்ளே அந்தத் தாச்சிப் பூச்சே இருக்கும். துணியால் துடைத்து மின்விசிறிக்கு முன்னால் வைத்தால் போதும். இதை எல்லாம் நான் எழுதியிருக்கிறேன், தேடினால் கிடைத்திருக்கும்.

உவர்மலைக் காற்று (7.31)
தேடினேன் ஐயா. உங்கள் பதிவில் 'முன்பே சொல்லியிருக்கிறேன்' என்றுதான் இருக்கிறது.

கோழிக்கூட்டுக்காரன் (7.45)
நோய்ப்பட்ட குருவிக்குச் சூடு வேண்டும் என்பதையாவது ஒத்துக்கொள்வீர்களா?

பாலையூற்று ரீச்சர் (8.02)
அதை ஒத்துக்கொள்கிறேன் அண்ணா. தனியாக எடுத்த பறவைக்கு ஒரு பக்கம் மட்டும் குமிழ் வைக்கலாம், கூட்டுக்கு வெளியே, எட்டி. சூடு கூடினால் மற்றப் பக்கம் நகர்ந்துகொள்ள இடம் வேண்டும். ஆனால் சாக்கால் சுற்றி மூடினால் முழு நஞ்சும் உள்ளேயே நிற்கும்.

கிண்ணியாக் கரை (சனி, இரவு 8.30)
தம்பி, என்ன நடந்தது?

திருக்கடலூர் மச்சான் (ஞாயிறு, காலை 10.12)
தம்பி ஆளைக் காணவில்லை. அதற்கிடையில் ஒரு விசயம், கோயிலடியில் கிளி சோதிடர் ஒருவரைக் கண்டு விசாரித்தேன். அவர் தன் கிளிக்கு அனுமதி இருக்கிறது என்கிறார்.

உவர்மலைக் காற்று (10.20)
காட்டச் சொன்னீர்களா?

திருக்கடலூர் மச்சான் (10.22)
என் கையைக் காட்டச் சொன்னார்.

மட்டிக்களித் தம்பி (செவ்வாய், இரவு 9.47)
வேலை, அதனால் எழுத முடியவில்லை. வைத்தியரிடம் போகும் வழியிலேயே ஒன்று செத்துவிட்டது. மற்றதற்கு மருந்து தந்தார், வால் ஆட்டம் நின்றுவிட்டது, இன்று தினை தின்றது. நான்கு பேருக்கு ஒன்றுமில்லை. சுருளை நிறுத்தி வலை கட்டியாயிற்று. ஏழு தாள் முறை நல்லது. நன்றி எல்லோருக்கும்.

கிண்ணியாக் கரை (9.50)
அல்ஹம்துலில்லாஹ். என்ன மருந்து தந்தார், எத்தனை நாளைக்கு? பின்னால் வருகிறவர்களுக்கு உதவும்.

முப்பது வருடக் கூடு (9.58)
அலகுச் சதையின் நிறத்தை இன்னும் சொல்லவில்லை.

கோழிக்கூட்டுக்காரன் (புதன், காலை 6.05)
தம்பி, குமிழ் கட்டினீரா, இல்லையா?