மின்பீலியும் அதன் மூடியும்: சில சொற்கள் பற்றி

அன்பர்களுக்கு வணக்கம்.

மின்கம்பிகளை உள்ளே இட்டு மூடிவைக்கும் நீண்ட பெட்டிவடிவக் கால்வாயை ஆங்கிலத்தில் ட்ரங்கிங் (trunking) என்பர். அதற்குத் தமிழ்ச்சொல்லாக 'வடக்குழாய்' என்று ஒருவரும் 'வடப்பெட்டி' என்று இன்னொருவரும் முன்மொழிந்திருந்தீர்கள். கேபிளைக் குறிக்கும் வடம் நமது பாடநூல்களில் நிலைபெற்றுவிட்ட நல்ல சொல். ஆனால் தொகைச்சொல்லில் ஈற்று மகரம் கெட்டவுடன் அது திசைப்பெயராகிவிடுகிறது. கொள்வனவுப் பட்டியலில் 'வடமூடி' என்று எழுதினால், கட்டடத்தின் வடக்குப் பக்கத்து மூடியா என்று களஞ்சியக்காரர் கேட்பார். 'குழாய்' என்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. கொண்டிட் எனப்படும் உருளைக் குழாய் அப்பெயரை ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டது. அதனுள் கம்பிகளை முனையிலிருந்து இழுத்துத்தான் செலுத்த வேண்டும். ட்ரங்கிங் அப்படியன்று, நீளம் முழுவதும் ஒரு பக்கம் திறந்திருக்க, கம்பிகளை உள்ளே கிடத்திவிட்டு அப்பக்கத்தை மூடுவதே அதன் இயல்பு.

கூரையோரத்தில் மழைநீரை ஏந்திச் செல்லும் தகட்டுக் கால்வாயை நாம் பீலி என்கிறோம். அடியும் இரு பக்கச் சுவர்களுமாக, மேற்பக்கம் திறந்த அதே உருவந்தான் இதற்கும். ஆகவே 'மின்பீலி' என்பது என் முன்மொழிவு. தமிழகத்து அன்பர்களுக்கு மயிற்பீலி நினைவுக்கு வரக்கூடும். அதைப் பெரிய இடராக நான் கருதவில்லை, ஏனெனில் மயிலிறகுக்கு எவரும் மூடி வாங்குவதில்லை.

மூடியைப் பற்றித்தான் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. கொழும்புக் கோட்டைப் பகுதியில் ஒரு பழைய அலுவலகக் கட்டடத்தில், மூடிகள் துருப்பிடித்தும் தொலைந்தும் போயிருந்த இரும்புப் பீலிகளுக்குப் புதுமூடி போடும் வேலைக்கான தமிழ்க் குறிப்பை நான்தான் எழுதிக்கொடுத்தேன். '2 அங்குல மாற்றுமூடி' என்று எழுதியிருந்தேன். புறக்கோட்டைக் கடையிலிருந்து வந்து இறங்கியவை 50 மில்லிமீற்றர் மூடிகள். அவற்றுள் ஒன்றை எடுத்து விளிம்பில் வைத்துப் பார்த்த வயரிங் பாஸ் (மின்கம்பி வேலைக்காரர்), அதைத் திருப்பி என் கையிலேயே தந்துவிட்டு, "சேர், இது உள்ளுக்கு இருக்கிற மூடி. எங்களுக்கு வேணும் மேலால கவிழ்க்கிற மூடி" என்றார். நான் ஒரே சொல்லால் குறித்த பொருள் உண்மையில் இரண்டு என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. பழைய மூடியின் இரு ஓரங்களும் கீழ்நோக்கி மடிந்து, பனையோலை மூடல்பெட்டியின் மூடியைப் போலப் பீலியின் வெளிச்சுவரைத் தழுவியிருந்தன; வந்திறங்கியவையோ விளிம்புகளுக்கிடையே இறங்கி அமரும் வகை. எனவே அவர் வாய்ச்சொல்லையே எடுத்து முன்னதைக் 'கவிழ்மூடி' என்றும், பின்னதை 'உள்ளமர்மூடி' என்றும் வழங்கலாம் என்று நினைக்கிறேன். 'கவிமூடி' என்று சுருக்க ஒருவர் விரும்பக்கூடும்; அது புலவரின் வாயை அடைப்பது போல ஒலிப்பதால் தவிர்த்துவிடலாம்.

வகை சரியாக இருந்தாலும் அளவு இடிக்கும். 2 அங்குலம் என்பது 50.8 மில்லிமீற்றர், 4 அங்குலம் 101.6, 6 அங்குலம் 152.4. கடையில் கிடைக்கும் மெற்றிக் மூடிகளோ 50, 100, 150 மில்லிமீற்றர். அகலம் கூடக் கூட வேறுபாடும் 0.8, 1.6, 2.4 என்று வளர்கிறது. பழைய பீலியின் மேல் பல தடவை பூசிய நிறப்பூச்சின் தடிப்பும் சேர்ந்துகொண்டால், மெற்றிக் அளவில் மடித்த கவிழ்மூடி ஏறவே மாட்டாது. உள்ளமர்மூடியானால் ஓரத்தில் இடைவெளி விட்டுவிடும். இது வெறும் அழகுப் பிரச்சினையன்று. இங்கு வயரிங் வேலைக்கு வழிகாட்டியாகக் கொள்ளப்படும் பிரித்தானியத் தரநிலையான பீஎஸ் 7671, வெளியுறையில்லாத ஒற்றைக் கம்பிகளைப் பீலியில் இடுவதானால் ஐபி4எக்ஸ் அல்லது ஐபிஎக்ஸ்எக்ஸ்டி (உள்ளே பொருள் நுழைவதைத் தடுக்கும் திறனைக் காட்டும் குறியீடுகள்) அளவான காப்பேனும் இருக்க வேண்டும் என்கிறது. ஐபி4எக்ஸ் என்றால் 1 மில்லிமீற்றர் தடிப்புள்ள கம்பிகூட உள்ளே நுழையக் கூடாது. மூடியும் கருவியொன்றால் அல்லது வேண்டுமென்றே செய்யும் செயலொன்றால் மட்டுமே திறபட வேண்டும். ஆகவே ஒட்டுநாடாவால் இடைவெளியை மறைத்துவிட்டுப் போவது வேலையாகாது. குறிப்பில் பெயரளவு அங்குலத்தை எழுதாமல், பூச்சோடு சேர்த்துப் பல இடங்களில் அளந்த வெளியகலத்தையோ உள்ளகலத்தையோ எழுதி, தகட்டு வேலைக்காரரிடம் மடித்து வாங்குவதே சரி. இதற்காகவும் அந்த இரு சொற்கள் தேவைப்படுகின்றன: கவிழ்மூடிக்கு வெளியகலம், உள்ளமர்மூடிக்கு உள்ளகலம்.

'மாற்றுமூடி' என்ற என் பழைய சொல்லைக் கைவிடுகிறேன். மாற்றுவழி, மாற்றுச்சாவி என்ற வழக்குகளின் சாயலில் அது கையிருப்பு மூடியையும் குறிக்கிறது, 'புதுமூடி' போதும்.

மூடியின் அடியில் திருகாணியோடு சுழன்று, பீலியின் உள்மடிந்த விளிம்புக்குக் கீழே குறுக்காக நின்று பிடிக்கும் சிறு இரும்புத் துண்டைச் 'சுழல்கொண்டி' எனலாம். அந்த விளிம்புக்கு 'உள்மடி' பொருந்தும்.

இச்சொற்கள் வாக்கியத்தில் எப்படி நிற்கின்றன என்று பார்க்க, திருத்திய குறிப்பின் ஒரு பகுதியைத் தருகிறேன்: "முதலில் மின்வழங்கலைத் துண்டித்து, மின் இல்லை என்பதைச் சோதித்து உறுதிசெய்க. பீலியினுள் பழைய இறப்பர் உறையுள்ள கம்பிகள் இருப்பின் அவற்றை அசைக்க வேண்டாம், அந்த இறப்பர்க் காவலி உதிர்ந்துவிடும். புதிய கவிழ்மூடியின் வெட்டு விளிம்புகளை அரத்தால் மழுக்கிய பின்னரே பொருத்துக. சுழல்கொண்டி உள்மடியின் கீழ் முழுமையாகத் திரும்பியுள்ளதா எனப் பார்க்க."

ஒன்றுக்கு மட்டும் எனக்குச் சொல் அகப்படவில்லை. இரு பீலித்துண்டுகள் சந்திக்கும் இடத்தில் புவித்தொடுப்பு (எர்த்) அறாதிருக்க வெளியே முடுக்கும் சிறு செப்புப்பட்டைக்குப் 'புவிப்பாலம்' என்று எழுதிப் பார்த்தேன். வீதி அபிவிருத்தித் திட்டத்தின் பெயர் போல இருக்கிறது. தொழிலில் இருப்பவர்கள் வேறு சொல் வழங்கினால் எழுதுங்கள்.