புதுப்பிப்பு: கூர்நோக்கு இல்லத்தில் இரவுப் பணி

முந்தைய பதிவில், கூர்நோக்கு இல்லத்தில் (குற்ற வழக்கில் சிக்கிய சிறுவர்களை விசாரணைக் காலத்தில் தங்கவைக்கும் இடம்) இரவில் மணிக்கொரு முறை சுற்றி வந்து பதிவேட்டில் கையெழுத்துப் போட்டால் போதும் என்று எழுதியிருந்தோம். அது போதாது. சரியாக மணியடித்தாற்போல் போனால், அடுத்து எப்போது வருவீர்கள் என்று இரண்டே நாளில் பையன்களுக்குத் தெரிந்துவிடும். பத்து நிமிடம், இருபது நிமிடம், திரும்பவும் ஐந்து நிமிடம் என்று மாற்றி மாற்றிப் போங்கள்.

எண்ணும்போது போர்வையை எண்ணாதீர்கள், முகத்தை எண்ணுங்கள். தலை மூடும்படி இழுத்துப் போர்த்தியிருந்தால் மூச்சில் போர்வை ஏறி இறங்குகிறதா என்று நின்று பாருங்கள். தெரியவில்லையென்றால் மெல்லப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். பதிவேட்டில் நேரத்தை முன்கூட்டியே எழுதி வைப்பதுதான் பெரிய தவறு. ஏதாவது நடந்தால் எந்தப் பக்கத்தையும் யாரும் நம்பமாட்டார்கள்.

புதிதாக வந்த பையனுக்கு முதல் நாள் இரவுதான் ஆபத்தானது. அவனைத் தனியறையில் பூட்டாதீர்கள். கண்ணில் படும் படுக்கையைக் கொடுங்கள். சாப்பிட்டானா என்று கேளுங்கள். வீட்டுக்குத் தகவல் போனதா, சிறுவர் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தில் அடுத்த தேதி என்ன என்று சொல்லுங்கள். தேதி தெரிந்தாலே பாதிப் பதற்றம் அடங்கும்.

அடிக்கலாமா என்று கேட்டவர்களுக்கு: கூடவே கூடாது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவில், இல்லப் பணியாளர் குழந்தையைக் கொடுமைப்படுத்தினால் 5 ஆண்டு வரை கடுங்காவல், 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். இன்னொரு பையனை விட்டு அடிக்க வைப்பதும் கொடுமைதான்.