புதுப்பிப்பு: மெல்பனில் மருத்துவ மாணவருக்கும் துணைவருக்கும் வேலை

மெல்பனில் மருத்துவம் பயிலும் என் மனைவிக்கும், உடன் வந்துள்ள எனக்கும் எத்தகைய வேலை கிடைக்கும் என்று முன்பு கேட்டிருந்தேன், பதிலளித்தவர்களுக்கு நன்றி. மாணவர் விசாவில் வகுப்புக் காலத்தில் இரண்டு வாரங்களுக்கு 48 மணி நேரமே வேலை செய்யலாம் என்ற வரம்பு அவருக்கு உண்டெனினும், அவர் பயிலும் எம்.டி. (மருத்துவராவதற்கான படிப்பு) இங்கு முதுநிலைப் பட்டமாகக் கருதப்படுவதால், படிப்பு தொடங்கிய பின் துணைவரான எனக்கு அவ்வரம்பு இல்லை. (இளநிலை மருத்துவம் பயில்வோரின் துணைவர்களுக்கு இச்சலுகை கிடையாது.) ஆகவே வரி எண்ணும் காவல்துறைச் சான்றும் பெற்று, ஒரு முதியோர் இல்லத்தின் சமையற்கூடத்தில் முழுநேரப் பணியில் சேர்ந்துள்ளேன், படித்த படிப்புக்குத் தொடர்பில்லை, ஆயினும் வாடகைக்குப் போதுகிறது. மனைவியோ, மருத்துவமனைப் பயிற்சியால் வாரநாள்களில் ஓய்வின்றி இருப்பதால், சனிக்கிழமைகளில் பள்ளி மாணவர்களுக்கு உயிரியல் கற்பிக்கிறார்; சிறுவர்களுடன் பணிபுரிவதற்கான விக்டோரியா மாநில அனுமதி அதற்குக் கட்டாயம் என்பதால், விண்ணப்பத்தை முன்கூட்டியே அளித்துவிடுவது நல்லது.