வின்ஸ்டன் லிங்க் நீராவி இரயில்களை ஏன் இரவில் படம் எடுத்தார்?

செந்தூல் பேரன் (கோலாலம்பூர்)

அனைவருக்கும் வணக்கம். என் தாத்தா செந்தூல் இரயில்வே குவாட்டர்ஸில் குடியிருந்து, மலாயா இரயில்வேயின் 56 வகை நீராவி இஞ்சினில், கொதிகலன் அடுப்பைக் கவனிக்கும் பயர்மேனாக வேலை செய்தவர். அத்தனை ஆண்டுகள் அவர் நெருப்புக்கு முன் நின்றிருந்தும், எங்கள் வீட்டில் அந்த இஞ்சினைக் காட்டும் படம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. சித்தப்பாவின் திருமணத்துக்கு ஈப்போவிலிருந்து வந்த உறவினர்கள் நிலைய மேடையில் வரிசையாக நின்று எடுத்துக்கொண்ட படம் அது. அவர்களுடைய தோள்களுக்குப் பின்னால் இஞ்சினின் ஒரு பகுதி தெரிகிறது.

அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ஓ. வின்ஸ்டன் லிங்க், வெர்ஜினியா, மேற்கு வெர்ஜினியா நிலக்கரிப் பகுதிகளில் நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் நிறுவனத்தின் கடைசி நீராவி இரயில்களை 1955 முதல் 1960 வரை எடுத்த படங்களை அண்மையில் பார்த்தேன். கரிய வானத்தின் முன் புகை பால்போல் வெளுத்து நிற்கிறது. பகலில் எளிதாக எடுக்கக்கூடியதை அவர் ஏன் இரவில் எடுத்தார்? ஓடும் இரயில் முழுவதற்கும் எப்படி வெளிச்சம் கொடுத்தார்?

இருட்டறை (பினாங்கு)

லிங்க் பொறியியல் படித்து, விளம்பரப் படங்கள் எடுத்துப் பிழைத்தவர் என்பதில்தான் உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் விடை இருக்கிறது. பகலில் சூரியன் எங்கே நிற்க வேண்டும் என்பதை நாம் முடிவு செய்ய இயலாது. இரவிலோ, எதைக் காட்டலாம், எதை இருளில் விடலாம் என்பது முழுவதும் படம் எடுப்பவரின் கையில் இருக்கிறது. புகைபோக்கியிலிருந்து வரும் நீராவி குளிர்ந்து நுண்ணிய துளிகளாகும்போது, பக்கவாட்டிலிருந்து பாயும் வெளிச்சத்தை அது சிதறடித்து வெண்மையாகிறது. அதே நீராவி பகல் வானத்தின் முன் மங்கிப்போய்விடும்.

வெளிச்சம் ஒருமுறை மட்டுமே எரியும் பிளாஷ் பல்புகளிலிருந்து வந்தது. அவற்றைத் தொடராக இணைத்து, தானே வடிவமைத்த மின்கருவியால் ஒரே கணத்தில் எரியச் செய்தார். தொடர் இணைப்பில் ஒரு பல்பு பழுதானாலும் எதுவும் எரியாது என்பதால், இரயில் வருவதற்கு முன்பு ஒவ்வொரு கம்பியையும் சோதிக்க வேண்டியிருந்தது. தூரம் இரு மடங்கானால் வெளிச்சம் நான்கு மடங்கு வேண்டும். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் இரயில் 1/100 நொடியில் 25 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். இஞ்சின் கேமராவை நோக்கிச் சாய்வாக வந்தால் அந்த நகர்வு படத்தில் மிகவும் குறைவாகவே தெரியும்.

1956 ஆகஸ்டில் யேகர் என்னும் ஊரில், காரில் அமர்ந்தபடியே படம் பார்க்கும் திறந்தவெளித் திரையரங்கில் எடுத்த படத்தைக் கவனித்துப் பாருங்கள். பிளாஷ் வெளிச்சத்தில் திரையில் ஓடிய காட்சி அழிந்துவிட்டதால், திரையில் தெரியும் விமானத்தை வேறொரு நெகட்டிவிலிருந்து சேர்த்து அச்சிட்டார். மனிதர்களையும் அவர்தான் இடம் பார்த்து நிறுத்தினார். இதைப் பொய் என்று சிலர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த ஊர்க்காரர்கள் இரயில் ஓடும் பாதையருகே உண்மையிலேயே அப்படித்தான் வாழ்ந்தார்கள். அதை ஒரே கணத்துக்குள் கொண்டுவர அவருக்கு வேறு வழி இல்லை.

பத்து ஆராங் மகள் (சிலாங்கூர்)

தம்பி, அந்த இரயில் நிறுவனம் மற்றவர்களைவிட நீண்ட காலம் நீராவியைக் கைவிடாததற்கு நிலக்கரியே காரணம். ஏற்றிச்சென்ற சரக்கும் அதுதான், எரித்த எரிபொருளும் அதுதான். ரோவனோக் நகரிலிருந்த தன் சொந்தப் பட்டறையில் 1953 வரை அது நீராவி இஞ்சின்களைக் கட்டியது. 1960 மே மாதத்தில் அங்கே நீராவி ஓய்ந்தது.

அதே 1960-இல்தான் எங்கள் பத்து ஆராங் நிலக்கரிச் சுரங்கமும் மூடப்பட்டது. 1915 முதல் அங்கே தோண்டிய கரி, குவாங் வழியாகச் செல்லும் கிளைப்பாதையில் வெளியே போய் மலாயா இரயில்களை ஓட்டியது. 1950-களில் இஞ்சின்கள் எண்ணெய்க்கு மாறின. 1957-இல் முதன்மைப் பாதைகளுக்கு டீசல் இஞ்சின்கள் வந்தன. எங்கள் கரியை வாங்க ஆள் குறைந்தது. என் தந்தை சுரங்கத்தில் வேலை செய்தவர். வேலை போன பிறகு குடும்பத்தோடு தோட்டப்புறத்துக்குப் போனார். கரி வண்டியில் நின்று அவர் எடுத்துக்கொண்ட ஒரு படம்கூட எங்களிடம் இல்லை. லிங்க் இரயில்களின் ஓசையைக்கூட ஒலிநாடாவில் பதிவு செய்து வைத்தார் என்று அறிந்த நாளில் எனக்கு அழுகை வந்தது.

உங்கள் திருமணப் படத்தில் உறவினர்கள் மட்டும் தெரியும்படி யாராவது வெட்டிவிடப் போகிறார்கள்; அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

இருட்டறை (பினாங்கு)

அம்மா சொல்வது மிகவும் சரி. ஓரங்களோடு, அங்குலத்துக்குக் குறைந்தது 1200 புள்ளி அடர்த்தியில் ஸ்கேன் செய்யுங்கள். படத்தின் பின்புறத்தையும் சேர்த்துச் செய்யுங்கள், ஸ்டூடியோ முத்திரையோ தேதியோ இருக்கலாம். 56 வகை இஞ்சினுக்கு ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் முன்னால் இரண்டு சிறு சக்கரங்கள், நடுவில் மூன்று பெரிய சக்கரங்கள், பின்னால் ஒரு சிறு சக்கரம் இருக்கும். அந்த வகை இஞ்சின்களுக்கு ஊர்ப்பெயர்கள் சூட்டப்பட்டிருந்தன; 'தெமர்லோ' அவற்றுள் ஒன்று. எனவே பெயர்ப்பலகை எங்காவது தெரிகிறதா என்று பாருங்கள்.

செந்தூல் பேரன் (கோலாலம்பூர்)

ஐயாவுக்கும் அம்மாவுக்கும் மிக்க நன்றி. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பெரிய சக்கரங்கள் இரண்டு தெரிகின்றன. மூன்றாவதைப் பெரியம்மாவின் சேலை மறைக்கிறது. அவருடைய தலைக்கு மேலே பலகை போன்ற ஒன்றின் ஓரமும் தெரிகிறது. சட்டத்திலிருந்து படத்தை எடுக்கப் பாட்டியிடம் அனுமதி கேட்டிருக்கிறேன். சனிக்கிழமை ஸ்கேன் செய்து இங்கே இடுகிறேன்.