வீட்டில் கட்டிய டியூன் பக்கி: விண்ட்ஷீல்டை நேரா கேஜ்லயே கிளாம்ப் போட்டு இறுக்கலாமா?

மணல்மேட்டான்:

எல்லாருக்கும் வணக்கம். வீட்டு ஷெட்டுலயே பைப் வளைச்சு, வெல்டு அடிச்சு ஒரு டியூன் பக்கி (மணல்மேட்டுல ஓட்டற திறந்த வண்டி) கட்டியிருக்கேன். ரெண்டு சீட்டு, இன்ஜின் பின்னாடி, மேல ரோல் கேஜ் (வண்டி கவிழ்ந்தா ஆளைக் காப்பாத்தற குழாய்க் கூண்டு). வண்டி ஓடுது, பிரேக் பிடிக்குது. பாக்கி முன்கண்ணாடிதான். முன்சக்கரம் வாரி இறைக்கிற மணல் மொத்தமும் இப்ப மூஞ்சிக்குத்தான் வருது.

டேஷ்போர்டுக்கும் கேஜோட முன்வளைவுக்கும் நடுவுல திறப்பு 120 செ.மீ. அகலம், 45 செ.மீ. உயரம். தட்டையான திறப்புதான். 6 மி.மீ. லேமினேட்டட் கண்ணாடி (நடுவுல பிளாஸ்டிக் படலம் வெச்சு ஒட்டின ரெட்டைக் கண்ணாடி) அதே அளவுக்கு வெட்டி வாங்கி, குழாய்ல சின்னத் தகடுங்களை வெல்டு பண்ணி, சுத்தி எட்டு இடத்துல கிளாம்ப் போட்டு இறுக்கிடலாம்னு திட்டம். ஒரு நண்பன் அக்ரிலிக் போடுங்கறான், இன்னொருத்தன் பாலிகார்பனேட்ங்கறான், ரெண்டுமே கண்ணாடி மாதிரி தெரியற பிளாஸ்டிக்தான். எதைப் போடறது? எப்படிப் பிடிக்க வைக்கறது? செஞ்சு பாத்தவங்க சொல்லுங்க.

ஸ்பேனர்சாமி:

அக்ரிலிக் பக்கமே போகாதீங்க. கல்லு பட்டா கூர் கூரா உடையும். டஃபன்டு கண்ணாடியும் (சூடேத்தி உறுதியாக்கினது) ஆகாது. ஓரத்துல ஒரு அடி பட்டாலே முழுசும் பொடியாக் கொட்டிடும், ஓடற வண்டியில அது வேணாம். அதை வாங்கின அப்புறம் வெட்டவும் முடியாது, துளை போடவும் முடியாது. பாலிகார்பனேட் போடுங்க. சுத்தியலால அடிச்சாலும் ஒண்ணும் ஆகாது. முடிஞ்சுது கதை.

பட்டறைக்காரன்:

முடியலை ஸ்பேனர்சாமி, அதுல விஷயம் இருக்கு. கடைசியா வர்றேன்.

மணல்மேட்டான் தம்பி, என்ன கண்ணாடிங்கறதை விட அந்த எட்டு கிளாம்ப்தான் எனக்கு உறுத்துது. நூல் ரெண்டு எடுங்க. திறப்போட ஒரு மூலையில இருந்து எதிர் மூலைக்கு ஒண்ணு, மத்த ரெண்டு மூலைக்கும் ஒண்ணு, விறைப்பா இழுத்துக் கட்டுங்க. நடுவுல ரெண்டும் லேசா உரசற மாதிரி இருக்கணும், ஒண்ணு இன்னொண்ணை அழுத்தக் கூடாது. இப்ப ஒரு பக்க முன்சக்கரத்தை மட்டும் நல்ல உயரமான கட்டைமேல ஏத்துங்க. நூலைப் பாருங்க. நடுவுல இடைவெளி விழும். விழலைன்னா அடுத்த பக்கச் சக்கரத்தை ஏத்துங்க, அப்ப விழும். 3 மி.மீ. இடைவெளின்னா மூலையில 6 மி.மீ. முறுக்கு. வீட்டுல கட்டின குழாய்ச் சேஸிஸ்ல முறுக்கே இல்லாத வண்டி நான் பாத்ததில்லை.

குழாய் முறுக்கும், திரும்பும். கண்ணாடிக்கு அது தெரியாது. எட்டு இடத்துல இறுக்கினா அந்த முறுக்கு மொத்தமும் கண்ணாடி மேலதான் இறங்கும். வெட்டின ஓரத்துல கண்ணுக்குத் தெரியாத பிசிறு ஒண்ணு இருந்தாப் போதும், விரிசல் அங்கேருந்து கிளம்பிடும். மேடு ஏறும்போது கூட இல்லை, சில நேரம் வண்டியை நிறுத்திட்டு இறங்கின பிறகு ‘டக்’னு ஒரு சத்தம் கேக்கும்.

அதனால கண்ணாடிக்குத் தனிச் சட்டம் பண்ணுங்க. 20 மி.மீ. சதுரக் குழாய் போதும், நாலு மூலையிலயும் முக்கோணத் தகடு வெச்சு வெல்டு. சட்டத்துக்குள்ள அலுமினிய சேனல், சேனலுக்குள்ள ரப்பர் பீடிங், அதுக்குள்ள கண்ணாடி. எந்த ஓரத்துலயும் உலோகம் கண்ணாடியைத் தொடக் கூடாது. சுத்தி 3 மி.மீ. விட்டு வெட்டச் சொல்லுங்க, ஓரத்தைத் தேய்ச்சும் வாங்குங்க. ரப்பரை ஏத்தும்போது சோப்புத் தண்ணி மட்டும். கிரீஸ் தடவினா அது ரப்பரை உப்ப வெச்சிடும்.

இந்தச் சட்டத்தை வண்டியில மூணே இடத்துல பிடிங்க. கீழ ரெண்டு, மேல நட்ட நடுவுல ஒண்ணு. மூணுலயும் ரப்பர் புஷ் (போல்டைச் சுத்தி வர்ற ரப்பர் உறை). மூணு புள்ளியில நிக்கறதை எப்படி முறுக்கினாலும் அது முறுகாது, முக்காலி எந்தத் தரையிலயும் ஆடாம நிக்கிற கணக்குத்தான். மேல் மூலை ரெண்டுலயும் சட்டத்துக்கும் கேஜுக்கும் நடுவுல மெத்துனு ஒரு ரப்பர் கட்டையை மட்டும் வைங்க, காத்துல படபடக்காம இருக்க. அதை போல்ட் பண்ணக் கூடாது.

மூணு இடம் தாங்குமான்னு கேப்பீங்க. 80 கி.மீ. வேகத்துல உங்க அளவுக் கண்ணாடி மேல காத்து சுமாரா 20 கிலோ தள்ளும். 100ல 30 கிலோ. 8 மி.மீ. போல்ட் மூணுக்கு இது ஒண்ணுமே இல்லை.

இப்ப பாலிகார்பனேட். உடையாதுங்கறது நிஜம். எடையும் கம்மி: 6 மி.மீ. லேமினேட்டட் இந்த அளவுக்கு 8 கிலோ கிட்ட வரும், 5 மி.மீ. பாலிகார்பனேட் 3 கிலோ சொச்சம். ஆனா மணல்ல அது படற பாடு இருக்கே! வைப்பர் ஒரு தடவை மணலோட இழுத்தா அரைவட்டக் கீறல் நிரந்தரம். எதிர்வெயில்ல ஓட்டிப் பாருங்க, கீறல் மட்டும்தான் தெரியும். கடினப் பூச்சு போட்ட ஷீட் கொஞ்சம் தாக்குப் பிடிக்கும், அவ்வளவுதான்.

இன்னொண்ணு, அது வெயிலுக்கு நீளும். 120 செ.மீ. ஷீட்டு 30 டிகிரி சூடு ஏறினா ரெண்டரை மி.மீ. நீளும், அதே சூட்டுக்கு இரும்பு அரை மி.மீ. கூட நீளாது. 6 மி.மீ. போல்டுக்கு 6 மி.மீ. துளை போட்டா துளையைச் சுத்தி வெடிப்பு நிச்சயம். 10 மி.மீ. துளை போட்டு, உள்ள ஒரு புஷ் (சின்ன உலோகக் குழாய்) வெச்சு, போல்ட் அந்தப் புஷ் மேல இறுகற மாதிரி பண்ணணும். ஷீட் ரப்பர் வாஷருக்கு நடுவுல நழுவணும். நட்டு கழலாம இருக்க ஊத்தற திரவம் பக்கத்துலயே வரக் கூடாது, அது பாலிகார்பனேட்டை வெடிக்க வைக்கும். உள்ள நைலான் வளையம் வெச்ச நட்டு போடுங்க. பெட்ரோல் தொட்டுத் துடைக்கிற பழக்கம் இருந்தா அதையும் விட்டுடணும்.

வைப்பர் வேணும்னா லேமினேட்டட். வைப்பரே இல்லாம மணல்ல மட்டும் ஓட்டப் போறீங்கன்னா பாலிகார்பனேட். ரோட்டுல ஓட்டற எண்ணம் இருந்தா பேச்சே இல்லை, லேமினேட்டட்தான், அதுலயும் மூலையில ஏஎஸ்1 இல்ல 43ஆர்ங்கற பாதுகாப்புக் கண்ணாடி தர முத்திரை இருக்கான்னு பாருங்க.

காத்தாடி:

அண்ணன் புழுதியைப் பத்திச் சொல்லாம விட்டுட்டார். முன்னாடி முழுக் கண்ணாடி வெச்சு பின்பக்கம் திறந்து கிடந்தா, கண்ணாடிக்குப் பின்னாடி காத்தழுத்தம் குறையும். பின்சக்கரம் கிளப்பற புழுதி சுழன்று பின்வழியா உள்ள வரும். கண்ணாடி போட்ட பிறகு புழுதி ஜாஸ்தியாயிடுச்சுன்னு புலம்பறவங்க எல்லாம் இந்தக் கேஸ்தான். கீழ சட்டத்துக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவுல நாலஞ்சு செ.மீ. திறந்து விடுங்க, கொஞ்சம் காத்து உள்ள போனா அந்த இழுப்பு குறையும். கண்ணாடி போட்டாலும் காகிள்ஸைக் கழட்டாதீங்க.

1964ல புரூஸ் மேயர்ஸ் செஞ்ச மேயர்ஸ் மேங்க்ஸ்ங்கற டியூன் பக்கியோட படம் கிடைச்சா பாருங்க. தட்டைக் கண்ணாடி, தனிச் சட்டம். நமக்கு வேண்டிய பாடம் அதுலயே இருக்கு.

மணல்மேட்டான்:

பட்டறைக்காரன் அண்ணே, நூல் கட்டிப் பாத்தேன். இடது சக்கரத்தை ஏத்தினதும் நடுவுல 4 மி.மீ. நல்லா கண்ணுக்கே தெரியுது! கேஜ் இரும்பு மாதிரி நிக்கும்னு நினைச்சிட்டு இருந்தேன். எட்டு கிளாம்ப் திட்டம் கேன்சல். லேமினேட்டட், தனிச் சட்டம், மூணு புள்ளி. கீழ ரெண்டு இடத்துலயும் கீல் வெச்சா கண்ணாடியை முன்னாடி மடக்கிப் போட்டுக்கலாம்ல?

பட்டறைக்காரன்:

தாராளமா. கீல்ல ரப்பர் புஷ் போக இடம் இருக்கணும், வெறும் கதவுக் கீல் ஆகாது. மேல் புள்ளிக்கு உருவற பின் வெச்சுக்கோங்க. மடக்கினா சட்டம் எதுமேல படுக்கும்னு முதல்லயே பாத்து அங்க ரப்பர் ஒட்டுங்க, அப்புறம் ஒரு பட்டை போட்டுக் கட்டணும். இல்லைன்னா முதல் குழியிலயே எகிறி உங்க மேல வரும்.

வெல்டு பண்றதுக்கு முன்னாடி இன்னொண்ணு. ஹெல்மெட் போட்டு, பெல்ட் மாட்டி சீட்டுல உக்காருங்க. அட்டையில அதே அளவுக்கு வெட்டி முன்னாடி நிறுத்தி வைங்க. மேல்சட்டம் கண்ணுக்கு நேரா வந்துதுன்னா உயரத்தை மாத்துங்க. கண்ணாடி வழியாப் பாக்கணும், இல்ல அதுக்கு மேல பாக்கணும். நடுவுல ஒரு குழாய் ஓடிச்சுன்னா மேடு எங்க முடியுதுன்னே தெரியாது. பக்கத்து சீட்டுக்காரரையும் உக்கார வெச்சுப் பாருங்க.

அந்தப் பின்னை ஒரு சின்ன சங்கிலியில சட்டத்தோட கோத்து விடுங்க. மணல்ல விழுந்தா கிடைக்காது.