கள்ளி வேர் பிடிக்க எது நல்லது: பூனை மணலா, களி உருண்டையா, செங்கல் சில்லா? (மாரிக்கு முன் உதவி தேவை)

தருமபுரம் முற்றம்:

எல்லோருக்கும் வணக்கம். நான் இருப்பது கிளிநொச்சி தருமபுரத்தில். வீட்டில் கொஞ்சம் கள்ளிகள் நிற்கின்றன. மமிலேரியா, ஜிம்னோகலிசியம், ஒரு அஸ்ட்ரோஃபைட்டம், அப்புறம் நெஞ்சளவு உயரத்தில் ஒரு செரியஸ். எல்லாமே வாங்கும்போது தும்புத்தூளில் வந்தவை. கச்சான் என்ற வறண்ட காற்று அடித்த மாதங்களில் அந்தத் தூள் இறுகிக் கட்டியாகிவிட்டது. தண்ணீர் ஊற்றினால் உள்ளே இறங்காமல் சாடியின் ஓரத்தால் ஓடிவிடும். இப்போது புரட்டாதியில் பெய்த மழைக்கு நனைந்தது, நனைந்ததுதான், காயவே மாட்டேன் என்கிறது. செரியஸின் அடி இளகி மஞ்சளாகிவிட்டது. மேல்பாதி நன்றாக இருக்கிறது, வெட்டி வேர் பிடிக்க வைக்கலாம் என்று நினைக்கிறேன். மமிலேரியாவின் பக்கக் குட்டிகளையும் கழற்றி வைத்திருக்கிறேன்.

எதில் நடுவது என்பதுதான் கேள்வி. லண்டனில் இருக்கும் சித்தி, அங்கே கள்ளி வளர்ப்பவர்கள் பூனை மணலில்தான் நடுகிறார்கள், வரும்போது ஒரு பை கொண்டுவரட்டுமா என்று கேட்கிறார். அவர் வருவது மார்கழியில். இங்கே டவுனிலும் ஒரு கடையில் சாம்பல் நிறத்தில் பூனை மணல் இருக்கிறது, இரண்டும் ஒன்றுதானா? கொழும்பிலிருந்து களி உருண்டை தருவிக்கலாம் என்று ஒருவர் சொன்னார். வீட்டுக்குப் பின்னால் செங்கல்லும் உடைந்த ஓடும் குவிந்து கிடக்கின்றன. எதை நம்புவது?

முருங்கன் வயல்:

அக்கா, டவுன் கடைப் பையை வாங்க முன்னம் பின்பக்கத்தை வாசியுங்கள். நனைந்தால் கட்டியாகும் என்று போட்டிருந்தால் அது பெந்தோனைட் என்ற களி. தண்ணீர் பட்டதும் வீங்கிப் பசையாகிவிடும். பூனைக்கு அதுதான் வேண்டும், அள்ளி எறிய வசதி. கள்ளி வேரைச் சுற்றி அந்தப் பசை நின்றால் காற்றே போகாது.

எங்கள் பக்கத்துக் கறுப்புக் களியும் இதே குடும்பம்தான். கோடையில் கால் இறங்குமளவு வெடிக்கும், மாரியில் வீங்கி வெடிப்பெல்லாம் மூடிவிடும், பிறகு டிராக்டரும் இறங்காது. காங்கேசன்துறை சீமெந்து ஆலைக்கு முருங்கன் களிதான் போனது. நெல்லுக்கும் சீமெந்துக்கும் அருமையான மண். சாடிக்கு வேண்டவே வேண்டாம்.

குரொய்டன் பல்கனி:

சித்தி சொன்னது பொய்யில்லை, ஆனால் பாதிக் கதை. இங்கே கள்ளிக்காரரும் பொன்சாய்க்காரரும் தேடுவது மோலர் என்ற களியில் செய்த பூனை மணலை. டென்மார்க்கின் வட பகுதியில் ஃபூர், மோர்ஸ் என்ற தீவுகளில் அது எடுக்கப்படுகிறது. டயட்டம் என்ற நுண்பாசிகளின் ஓடுகள் களியோடு கலந்து படிந்த மண். அதைச் சூளையில் சுட்டு உடைத்துச் சலிப்பார்கள். பெரும்பாலும் இளஞ்சிவப்பு நிறம், கையில் எடுத்தால் பாரமே இருக்காது. ஒவ்வொரு மணிக்குள்ளும் நுண்துளைகள் தண்ணீரைப் பிடித்து வைக்கும், மணிகளுக்கு இடையில் காற்று நிற்கும். கள்ளி வேருக்கு வேண்டியது அந்த இரண்டும்தான்.

ஆனால் இங்கே கடையில் பூனை மணல் என்ற பெயரில் விற்பவற்றில் பெந்தோனைட் இருக்கிறது, சிலிக்கா ஜெல் பளிங்கு இருக்கிறது, மரத்தூள் குச்சி இருக்கிறது, வாசனை போட்டதும் இருக்கிறது. நல்லதென்று பெயர் வாங்கிய பையே ஒருநாள் சரக்கு மாறி வரும். அதனால் பெயரை நம்பாமல் சோதியுங்கள். ஒரு பிடியைக் கண்ணாடிக் குவளையில் இரவு முழுக்க ஊறவிட்டு, காலையில் விரலால் நசுக்கிப் பாருங்கள். மணி மணியாக நின்றால் அடுத்த கட்டம்: ஈரத்தோடு பிரிட்ஜின் உறைபெட்டியில் வைத்து உறைய விட்டு, எடுத்து இளக விடுங்கள். சில தடவை அப்படிச் செய்தும் உடையாமல் நின்றால் அது நன்றாகச் சுட்ட களி. வன்னியில் உறைபனி இல்லைதான், ஆனாலும் மாரிக்கும் கச்சானுக்கும் இடையில் ஊறி ஊறிக் காயும்போது சரக்கு எப்படி நிற்கும் என்று ஊகிக்க உதவும்.

ஜப்பானின் அகதாமாவை யாராவது சொன்னால் காசைச் செலவழிக்க வேண்டாம். அது சூளையில் சுட்டதில்லை, எரிமலை மண்ணைக் காயவைத்து உருண்டையாக எடுப்பது. போகப் போக உதிர்ந்து சேறாகும்.

சூளையடி:

பிள்ளை, டென்மார்க் களியை லண்டனிலிருந்து சுமக்க வைக்கப் பார்க்கிறீர்கள். உங்கள் வீட்டுப் பின்னால் கிடக்கும் செங்கல்லும் சுட்ட களிதானே? ஒட்டுசுட்டானில் ஓட்டுத் தொழிற்சாலையே இருந்த மண் இது.

முக்கியம் வேக்காடுதான். களியை ஐந்நூறு, அறுநூறு பாகை தாண்டிச் சூடாக்கினால் அதற்குள் கட்டுண்டிருக்கும் நீரும் போய்விடும், அதற்குப் பிறகு எவ்வளவு தண்ணீர் விட்டாலும் அது திரும்பக் களியாகாது. செங்கல் சூளையில் நடு அடுக்கு 800 பாகைக்கு மேல் போகும். ஓரத்துக் கல்தான் ஏமாற்றும். நிறம் வெளிறியிருக்கும், இரண்டை ஒன்றோடொன்று தட்டினால் ‘தொப்’ என்று கேட்கும். அதை விடுங்கள். ‘கிண்’ என்று கேட்கும் கல்லை எடுங்கள். கறுத்து முறுகிக் கண்ணாடி போல் மினுங்குவது தண்ணீர் குடிக்காது, அதுவும் வேண்டாம். நல்ல செங்கல் தன் எடையில் 15, 20 சதவீதம் வரை தண்ணீரை இழுக்கும். ஓடும் நல்லதுதான், ஆனால் இறுக்கமானது, குறைவாகக் குடிக்கும், தட்டைத் தட்டையாக உடையும். செங்கல் சில்லோடு கலந்து போடலாம்.

சாக்கில் போட்டுச் சுத்தியலால் உடையுங்கள். தண்ணீர் தெளித்து உடைத்தால் தூசி பறக்காது. அந்தத் தூசி நெஞ்சுக்குக் கூடாது, மூக்கை மூடிக்கொள்ளுங்கள். சாடியின் அடியில் பெரிய துண்டுகளைப் போட்டு மேலே சின்னதைப் போடுங்கள், தண்ணீர் வடியும்.

குரொய்டன் பல்கனி:

ஐயா சொன்னதில் கடைசி வரியை மட்டும் நான் ஏற்கவில்லை. அடியில் பெரிய கல் போட்டால் நன்றாக வடியும் என்று எல்லோரும் சொல்கிறோம், ஆனால் நுண்ணிய கலவை தனக்குள் பிடித்த தண்ணீரைக் கீழே உள்ள பெரிய இடைவெளிக்குச் சுலபத்தில் விடாது. ஈரம் தேங்கும் அடுக்கு மேலே ஏறி வேருக்குக் கிட்ட வந்துவிடும். சாடி முழுக்க ஒரே அளவு மணி போட்டால் போதும். துளையை மூட ஒரு ஓட்டுத் துண்டு, அவ்வளவுதான்.

சூளையடி:

நாங்கள் இவ்வளவு காலமும் போட்டுத்தான் வந்தோம், ஒன்றும் சாகவில்லை. சரி, உங்கள் கணக்குப்படியும் ஒரு சாடி வைத்துப் பார்க்கிறேன்.

தருமபுரம் முற்றம்:

எல்லோருக்கும் நன்றி. குவளைச் சோதனை செய்தேன். டவுன் பூனை மணல் காலையில் தோசை மா மாதிரி இருந்தது, அந்தக் கேள்வி முடிந்தது. செங்கல்லில் ‘கிண்’ என்றது அப்படியே நிற்கிறது, தண்ணீரும் தெளிவு. வெளிறிய கல்லின் மூலை பெருவிரலுக்கே உதிர்ந்தது. குவியலில் பாதி இடிந்த பழைய சுவரின் கல், சாந்து ஒட்டியிருக்கிறது. அதை எடுக்கலாமா? அப்புறம் எந்த அளவுக்கு உடைப்பது?

அளம்பில் கரை:

சாந்து ஒட்டியதை விட்டுவிடுங்கள் தங்கச்சி. சீமெந்தும் சுண்ணாம்பும் காரத்தன்மை ஏற்றும், பெரும்பாலான கள்ளிக்குக் கொஞ்சம் புளிப்புப் பக்கம்தான் பிடிக்கும். சந்தேகமான துண்டில் வினாகிரி சொட்டுங்கள், நுரைத்தால் சுண்ணாம்பு. நம் கிணற்றுத் தண்ணீரே பல இடங்களில் கடினம், சில்லின் மேல் வெள்ளையாகப் படியும், இதில் சாந்தும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். மாரியில் பீப்பாயில் மழைத்தண்ணீர் பிடித்து வையுங்கள்.

இன்னொன்று. இடிந்த வீட்டுக் குவியல் என்றால் கூரைத் தகட்டுத் துண்டு கலந்திருக்கும். சாம்பல் நிற அஸ்பெஸ்டஸ் துண்டு ஒன்று இருந்தாலும் அந்தக் குவியலில் சுத்தியல் வைக்காதீர்கள். ஓடு என்று நினைத்து அதை உடைத்தால் பறப்பது நூல்நூலான நஞ்சு.

அளவு: மணல் அரிக்கும் வலையில் விழுவதை எடுத்து, அதை யன்னலுக்குப் போடும் நுளம்பு வலையில் திரும்ப அரியுங்கள். வலையின் மேல் தங்குவதுதான் உங்களுக்கு வேண்டியது, ஏறக்குறைய ஒன்றரை முதல் 5 மில்லிமீற்றர் வரும். கீழே விழும் தூளை விட்டுவிட்டால் பாதிப் பிரச்சினை போய்விடும். அதுதான் ஒவ்வொரு தண்ணீருக்கும் இறங்கி அடியில் சேறாக உட்காரும். பிறகு வாளியில் ஊறவிட்டு, தண்ணீர் தெளியும் வரை கழுவுங்கள். புதுச் செங்கல்லில் உப்புப் பூக்கும், அதுவும் கழுவுவதில் போய்விடும்.

கடல் மணல் கலக்க வேண்டாம், நான் கடற்கரைக்காரன் சொல்கிறேன்.

முருங்கன் வயல்:

கொழும்புக் களி உருண்டையைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அது 1,200 பாகை அளவில் சுழலும் சூளையில் பொரிந்து வருவது. வெளியே இறுகிய தோல், உள்ளே குமிழிகள். மண்ணில்லாப் பயிருக்கும் பெரிய சாடிக்கும் சரி. மமிலேரியாக் குட்டியின் வேர் மயிர் போல இருக்கும், அவ்வளவு பெரிய உருண்டைகளுக்கு நடுவில் தொங்கிக் காய்ந்துவிடும். வாங்கினாலும் உடைத்துத்தான் போட வேண்டும். உடைக்கத்தான் போகிறீர்கள் என்றால் செங்கல் இலவசம்.

வழியில் போடும் கிரவலையும் சிலர் சொல்லுவார்கள். கழுவினால் அந்தச் சிவப்புக் குறுணி நல்ல கெட்டிதான், ஆனால் செங்கல் அளவுக்குத் தண்ணீர் பிடிக்காது. கச்சானில் அரைநாளில் காய்ந்துவிடும். நம் பக்கம் மாரி ஒரு பக்கம் அழுகவைக்கும், கச்சான் மற்றப் பக்கம் சுட்டெடுக்கும். இரண்டையும் ஒரே சாடியில் சமாளிக்க உள்ளே தண்ணீர் பிடிக்கும் மணிதான் தோது.

குரொய்டன் பல்கனி:

செரியஸ் விடயம் அவசரம், அதையும் சொல்லிவிடுகிறேன். சுத்தமான கத்தியால் வெட்டுங்கள், ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை ஸ்பிரிட்டில் துடையுங்கள். வெட்டு முகத்தின் நடு வளையத்தில் மஞ்சளோ செம்மஞ்சளோ ஒரு பொட்டு தெரிந்தாலும் இன்னும் மேலே போங்கள். முழுக்க வெளிறிய பச்சையாக வந்த பிறகே நிறுத்துங்கள். ஓரத்தைக் கொஞ்சம் சாய்வாகச் சீவி, நிழலில் காற்றுப்படும் இடத்தில் நிமிர்த்தி வையுங்கள், கிடத்தினால் வளையும். மமிலேரியாக் குட்டிக்கு ஒரு வாரம் போதும். கை மொத்தத்தில் இருக்கும் செரியஸுக்கு மூன்று, நான்கு வாரம்கூட ஆகலாம், இப்போதைய ஈரக்காற்றில் இன்னும் நீளும். வெட்டு முகம் தோல் போல இறுகிய பிறகு, காய்ந்த செங்கல் சில்லின் மேல் நிறுத்திக் குச்சியில் கட்டுங்கள். வேர் பிடிக்கும் வரை சில்லு மட்டும், வேறு ஒன்றும் கலக்க வேண்டாம்.

தருமபுரம் முற்றம்:

வேர் பிடித்த பிறகு அதே சில்லிலேயே விடலாமா? அதில் சாப்பாடு ஒன்றும் இல்லையே. கூரையைப் பற்றியும் கேட்க வேண்டும், என்னிடம் இருப்பது வேப்பமர நிழல்தான்.

அளம்பில் கரை:

விடலாம், ஆனால் பசளை உங்கள் கையில். அல்பேட் கரைசல் என்று விற்கும், தண்ணீரில் கரைக்கும் பசளையை பக்கற்றில் சொன்ன அளவில் கால்பங்காகக் கரைத்து, வளரும் காலத்தில் மட்டும் கொடுங்கள். நான் வேர் பிடித்தவற்றுக்குச் சில்லு மூன்று பங்கு, கழுவிய ஆற்று மணலில் பருமனானது ஒரு பங்கு, அரிசி ஆலையில் கிடைக்கும் எரிந்த உமி அரைப் பங்கு போடுகிறேன். தும்புத்தூள் துளியும் இல்லை, பழைய வேரில் ஒட்டியிருப்பதையும் குச்சியால் கிளறி எடுத்துவிடுங்கள்.

வேப்பமரம் மழைக்குக் கூரையாகாது, நின்ற பிறகும் சொட்டிக்கொண்டே இருக்கும். ஐப்பசி பிறக்க முதல் நான்கு தடி நட்டு, பொலித்தீனைச் சாய்வாகக் கட்டி, பக்கங்களைத் திறந்து விடுங்கள். தொடர்மழையில் செங்கல் சில்லும் காயாது, எந்தக் களியும் காயாது.

சூளையடி:

பிள்ளை, ‘கிண்’ கல் போதாவிட்டால் சொல்லுங்கள். எங்கள் சூளையடியில் உடைந்தது குவிந்து கிடக்கிறது. பரந்தன் பக்கம் வாகனம் வருகிற நாளில் ஒரு சாக்கு ஏற்றி விடுகிறேன்.

தருமபுரம் முற்றம்:

மிச்சம் நன்றி ஐயா, கட்டாயம் வேண்டும். சித்திக்குச் செய்தி போட்டுவிட்டேன், பூனை மணல் வேண்டாம், அந்தப் பாரத்துக்குச் சொக்லேட் கொண்டு வாருங்கள் என்று. கடைசியாக ஒன்று: செரியஸைச் சில்லில் நிறுத்தியதும் முதல் தண்ணீர் எப்போது?

குரொய்டன் பல்கனி:

வேர் வெளிவந்ததைக் கண்ட பிறகு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மெல்லத் தூக்கிப் பாருங்கள், வெள்ளை மொட்டுகள் போலத் தெரியும். அதற்கு முன் தண்டு கொஞ்சம் சுருங்கினாலும் பயப்பட வேண்டாம், ஊற்றவும் வேண்டாம்.