நோய் வருமுன்னே காப்பர் அடிக்கலாமா? தக்காளி, வெள்ளரிக்கு ஒரு விவாதம்

கொத்துமண்:
மழை சீசன் தொடங்கப் போகுது. தரையில ஒரு பாத்தி முழுக்கத் தக்காளியும் வெள்ளரியும், மாடியில சில பைகள்ல தக்காளி. இதுவரை ஒரு இலையிலும் புள்ளி இல்லை. இப்பவே வாரம் ஒருமுறை காப்பர் ஆக்ஸிகுளோரைடு (தாமிரம் உள்ள பூஞ்சை மருந்து) அடிச்சிட்டா கருகல் எட்டிக்கூடப் பார்க்காதுன்னு ஒருத்தர் சொல்றார். நல்லா இருக்கிற செடிக்கு எதுக்கு மருந்துன்னு இன்னொருத்தர் திட்டுறார். யார் பேச்சைக் கேட்க?

இலைநரம்பு:
முதல் ஆள் பேச்சை. "வரட்டும், பார்த்துக்கலாம்"ங்கிறது காப்பர்கிட்ட செல்லாது. அது இலைக்குள்ள போற மருந்து இல்லை, மேலே படிஞ்சு கிடக்கும். இலை நனையும்போது அந்தப் படிவிலிருந்து தாமிர அயனி கொஞ்சம் கொஞ்சமாக் கரையும். அதே ஈரத்துல முளைக்கப் பார்க்கிற பூஞ்சை வித்து அதை உறிஞ்சிச் செத்துப்போகும். முளைச்சு உள்ளே இறங்கிட்டா அப்புறம் எத்தனை டேங்க் அடிச்சாலும் பிரயோஜனம் இல்லை.

இன்னொண்ணு, இது பூஞ்சையைப் பல இடத்துல ஒரே நேரத்துல தாக்குறதால எதிர்ப்புச் சக்தி வளர்றது அரிது. 1880-கள்ல பிரான்சின் போர்டோ பக்கம், வழிப்போக்கர் திராட்சையைப் பறிக்காம இருக்க வழியோரக் கொடிகளுக்கு மயில்துத்தமும் (காப்பர் சல்பேட்) சுண்ணாம்பும் தெளிச்சு வச்சிருந்தாங்க. அந்தக் கொடிகள்ல மட்டும் அடிச்சாம்பல் நோய் தாக்காம இலை நின்னதை மில்லார்டே என்ற தாவரவியலாளர் கவனிச்சார். அன்னைக்கிருந்து இன்னைக்கு வரை வேலை செய்யுது.

மண்புழு_ஆள்:
வேலை செய்யாதுன்னு யார் சொன்னா? "வாரம் ஒருமுறை"தான் என் பிரச்சினை.

கணக்குப் போடுவோம். 50 சதவீத ஆக்ஸிகுளோரைடு, லிட்டருக்கு 3 கிராம். அதுல சுத்தத் தாமிரம் 1.5 கிராம். 10 சதுர மீட்டர் பாத்திக்கு ஒரு தடவைக்கு ஒரு லிட்டர்னு வைங்க. ஐரோப்பிய ஒன்றியத்துல 2019-லிருந்து உள்ள வரம்பு 7 வருஷத்துக்கு ஹெக்டேருக்கு 28 கிலோ தாமிரம். சராசரியா வருஷத்துக்கு 4 கிலோ, அதாவது உங்க பாத்திக்கு 4 கிராம். மூணாவது தெளிப்பிலேயே தாண்டிட்டீங்க. பத்து வாரம் அடிச்சா கிட்டத்தட்ட நாலு மடங்கு. தாமிரம் ஒரு தனிமம், மக்காது, சிதையாது. மண்ணுல விழுந்தது பெரும்பாலும் மேல்மண்ணிலேயே தங்கிடும். மண்புழுவுக்கு அது ஆகவே ஆகாது.

இலைநரம்பு:
ஹெக்டேர் கணக்கைக் காட்டிப் பயமுறுத்தாதீங்க. அதே 10 சதுர மீட்டர்ல மேல் 15 செ.மீ. மண் ஏறக்குறைய 2 டன் இருக்கும். பத்து வாரம் அடிச்சு, அத்தனையும் மண்ணுக்கே போச்சுன்னு வச்சாலும் கிலோவுக்கு 7, 8 மில்லிகிராம்தான் கூடும். சாதாரண மண்ணிலேயே 10, 20, 30 மில்லிகிராம் தாமிரம் உண்டு. நூறு வருஷமா அடிச்ச திராட்சைத் தோட்டத்துக்குப் போட்ட வரம்பை நாலு தக்காளிச் செடிக்கு நீட்டினா எப்படி?

மண்புழு_ஆள்:
நூறு வருஷம் எதுக்கு? அஞ்சே வருஷத்துல உங்க "7, 8" என்பது 35, 40 ஆயிடும்.

மாடிப் பையை எடுத்துக்கோங்க. வளர்ந்த தக்காளிக்கு ஒரு தடவைக்கு 200 மில்லி கரைசல், அதுல 300 மில்லிகிராம் தாமிரம். பாதி வழிஞ்சு பைக்குள்ள விழுந்தாலும் 150. பையில மண்ணும் தென்னைநார்க் கழிவும் சேர்த்து 10 கிலோ. ஒரு தெளிப்புக்கே கிலோவுக்கு 15 மில்லிகிராம்! எட்டு வாரத்துல 120. அந்தக் கலவையைத்தான் அடுத்த சீசனுக்குக் கொட்டிக் கிளறி மறுபடியும் போடுவீங்க. உங்க 2 டன் கணக்கு தரைக்குச் சரி, பைக்கு ஆகாது.

இலைநரம்பு:
பை விஷயத்துல நீங்க சொல்றது நியாயம். பைச் செடிக்கு அடிக்கிறவங்க, பையோட வாயில பாலித்தீன் ஷீட்டைச் சுத்திக் கட்டிட்டு அடிங்க, சொட்டு வெளியே போகட்டும். தரைப் பாத்திக்கு என் பேச்சு மாறலை.

சுண்ணாம்புக்காரன்:
எதுக்கு இந்தக் கடை மருந்துச் சண்டை? போர்டோ கலவை போடுங்க, அது இயற்கை. 10 கிராம் மயில்துத்தம் அரை லிட்டர்ல, 10 கிராம் நீற்றாத சுண்ணாம்பு அரை லிட்டர்ல, ரெண்டும் பிளாஸ்டிக் வாளியில தனித்தனியாக் கரைச்சு, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக்குள்ள ஊத்திக்கிட்டே கலக்கணும். நல்லாத் தேய்ச்ச இரும்புக் கத்தியைக் கொஞ்ச நேரம் முக்கி எடுங்க. முனையில செம்பு நிறம் படிஞ்சா சுண்ணாம்பு பத்தலைன்னு அர்த்தம், இன்னும் சேர்க்கணும். இல்லேன்னா இலை கருகிடும். அன்னைக்கே அடிச்சு முடிச்சிடணும்.

மண்புழு_ஆள்:
செய்முறை அருமை. "இயற்கை"தான் இடிக்குது. மயில்துத்தத்துல கால்வாசி தாமிரம். 10 கிராம்ல 2.5 கிராம். கடை மருந்துல லிட்டருக்கு 1.5 தான். மண்ணுக்கு எது அதிகம் போகுதுன்னு நீங்களே பாருங்க. இயற்கை வேளாண்மைச் சான்றுல தாமிரத்துக்கு அனுமதி இருக்கிற இடத்திலும், மண்ணுல சேராதபடி குறைவாப் பயன்படுத்தணும்னுதான் நிபந்தனை வைக்கிறாங்க.

இலைநரம்பு:
ஆனா போர்டோ மழைக்கு அவ்வளவு சீக்கிரம் கழுவாது, நல்லா ஒட்டும். அதனால அடிக்கிற தடவை குறையும். அதையும் கணக்குல சேர்க்கணும்.

அவரைப்பந்தல்:
தம்பிகளா, கிராம் கணக்கு இருக்கட்டும். என்ன நோய்க்கு அடிக்கிறோம்னு ஒருத்தரும் கேட்கலையே?

தக்காளியில முன்கருகல், பின்கருகல், பாக்டீரியா இலைப்புள்ளி, வெள்ளரியில அடிச்சாம்பல், இதுகளுக்குத்தான் காப்பர் தடுப்பு. பாக்டீரியாவுல காப்பரைத் தாங்குற ரகங்களும் வந்தாச்சு, அங்கே ரொம்ப நம்பக் கூடாது. தக்காளி இலைச்சுருட்டு வைரஸ், அதைக் கொண்டு வர்றது வெள்ளை ஈ. காய் அடி கறுத்து அழுகுறது சுண்ணாம்புச்சத்தும் தண்ணீரும் சீராக் கிடைக்காத கோளாறு. இந்த ரெண்டுக்கும் காப்பர் அடிச்சிட்டு "மருந்து வேலை செய்யலை"ன்னு புலம்புறவங்கதான் பாதிப் பேர்.

வெள்ளரி இலையைக் காலையில பனி காயறதுக்குள்ள திருப்பிப் பாருங்க கொத்துமண். மேலே நரம்புக்கு நரம்பு கோடு போட்ட மாதிரி கட்டம் கட்டமா மஞ்சள், அடியில சாம்பல்-ஊதா பூசணம் இருந்தா அடிச்சாம்பல். மேல்பக்கம் மாவு தூவின மாதிரி வெள்ளையா இருந்தா அது சாம்பல் நோய், அதுக்குக் காப்பரைவிடக் கந்தகம் மேல். ரெண்டையும் தெளிவாப் பிரிச்சுப் பார்க்காம டப்பாவைத் திறக்காதீங்க.

இன்னொரு விஷயம். வெள்ளரிக்குடும்பத்துக்குக் காப்பர்னா தோல் மெல்லிசு. மந்தாரமா, குளிரா, இலை காயவே மணிக்கணக்கு ஆகிற நாள்ல அடிச்சா விளிம்பு மஞ்சளாகித் தீஞ்சுபோகும். புளிப்பான கரைசல் எதையும் அதோட கலக்கவே கலக்காதீங்க, தாமிரம் ஒரேயடியாக் கரைஞ்சு இலையைச் சுட்டுடும்.

கொத்துமண்:
அக்கா, அப்போ அடிக்கவா, வேண்டாமா?

இலைநரம்பு:
தொடர்மழை வரும்னு வானிலைச் செய்தி சொன்னா, முதல் நாள் அடிங்க. மழைக்கு முன்னாடி இலை காஞ்சிருக்கணும். மழை நீண்டா 7, 10 நாள்ல இன்னொண்ணு, ஏன்னா நடுவுல விட்ட புதுத் துளிருக்குப் பாதுகாப்பு இல்லை. வெயில் அடிச்சா நிறுத்திடுங்க. காலண்டர் பார்த்து அடிக்கிறதுக்கு நானும் எதிரிதான்.

மண்புழு_ஆள்:
முதல் பதிவுல "முதல் ஆள் பேச்சைக் கேளுங்க"ன்னு சொன்னது நீங்கதானே! சரி, விடுங்க. அதுக்கு முன்னாடி செலவில்லாத வேலைகள் இருக்கு. தரையை ஒட்டின இலைகளைக் கிள்ளுங்க. மண்ணை வைக்கோல், சருகால மூடி மூடாக்குப் போடுங்க, மண்ணுல இருக்கிற முன்கருகல் வித்து மழைத்துளியோட தெறிச்சு ஏறாது. செடிக்குச் செடி காத்து புகணும். தண்ணியை வேர்ல மட்டும், காலையில ஊத்துங்க. போன வருஷம் தக்காளி நின்ன இடத்துல இந்த வருஷம் வேற எதையாவது போடுங்க.

இலைநரம்பு:
முன்கருகலுக்கு அது எல்லாம் சரி. பின்கருகல் வித்து காத்துல வருது. பக்கத்துத் தோட்டத்துல வந்துட்டா மூடாக்கு என்ன செய்யும்? குளிர்ச்சியும் ஈரமும் சேர்ந்தா சில நாள்ல செடியே கறுத்து உட்கார்ந்திடும். 1845-ல அயர்லாந்து உருளைக்கிழங்கை அழிச்சதும் இதே நோய்தான்.

அவரைப்பந்தல்:
அடிக்கிறவங்க கண்ணாடி, முகக்கவசம், கையுறை போடுங்க. டேங்க் கழுவின தண்ணியைக் குளம், வாய்க்கால் பக்கம் கொட்டாதீங்க, மீனுக்கு விஷம். அறுவடைக்கு எத்தனை நாள் விடணும்னு டப்பா லேபிள்ல இருக்கும், அதைப் படிங்க.

மண்புழு_ஆள்:
பின்கருகல் சுத்துவட்டாரத்துல வந்தது உறுதின்னா, தரையில இருக்கிற தக்காளிக்கு ரெண்டு தடவை அடிக்கிறதுக்கு நான் சண்டை போடமாட்டேன். மாடிப் பைக்கும், புள்ளியே இல்லாத வெள்ளரிக்கும் அடிச்சா சண்டை போடுவேன்.